ஊமை எழுத்துக்களின் வரலாறு

1927ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைக்கு வந்து, நாட்டின் அரசியலமைப்பை ஆராய்ந்து, 1931இன் சர்வசன வாக்குரிமைக்கு வழிகோலிய ஆணைக்குழுவின் பெயரை எமது பாடசாலை மாணவர் அனைவரும் அறிவர். 'டொனமூர்' என்றே எமது பாடநூல்கள் எழுதுகின்றன; அவ்வாறே மாணவரும் மனனஞ் செய்கின்றனர். அந்தப் பிரபுவின் பெயர் ஆங்கிலத்திலே பதினோர் எழுத்துக்களைக் கொண்டது. அவற்றை ஒன்றுவிடாமற் கூட்டிப் படிப்பவன் 'டொனொக்மோர்' என்று சொல்ல நேரும். ஆங்கிலேயர் அவ்வாறு சொல்வதில்லை. நடுவேயுள்ள எழுத்துக்கள் சில அவர்கள் நாவில் ஒலிப்பதேயில்லை. ஆகவே, தமிழிலே மட்டும் வரலாறு படித்த மாணவன் அப்பெயரை ஏறக்குறையச் சரியாகச் சொல்கிறான். ஆங்கில நூலை முதன்முதலாகக் கையிலெடுத்த மாணவனோ பிழைவிடுகிறான். தமிழ் எழுதியவன் காதினாற் கேட்டதை எழுதினான். ஆங்கிலம் படித்தவன் கண்ணினாற் கண்டதைச் சொன்னான். அவ்வளவே வேறுபாடு.

பல ஆண்டுகளுக்கு முன்னர், நகரத்துக் கல்லூரியொன்றின் உயர்தர வகுப்பிலே நான் கண்ட காட்சி ஒன்று இன்றும் நினைவிலிருக்கின்றது. கிராமத்திலிருந்து புதிதாய் வந்து சேர்ந்த மாணவன் ஒருவன் ஆங்கில வரலாற்று நூலை எழுந்து நின்று படித்தான். இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள ஒரு நகரின் பெயர் வந்தது. எழுத்துக்களைக் கூட்டி 'லெய்செஸ்டர்' என்றான். வகுப்புச் சிரித்தது, ஆசிரியரும் சிரித்தார். 'லெஸ்டர்' என்று யாரோ திருத்தினார்கள். அன்று அமர்ந்த மாணவன் அந்தத் தவணை முழுவதும் எழுந்து நின்று படிக்கவில்லை. அவன் செய்த குற்றம் யாது? எழுத்திலிருந்ததைப் படித்தமையே. எழுதியபடி படிப்பது குற்றமாகவும், எழுதியதை விழுங்குவது அறிவாகவும் கொள்ளப்படுமாயின், அந்த நியதியை வகுத்தவர் யார்? அஃது எப்போது வகுக்கப்பட்டது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவது வேடிக்கைக்கான வேலையன்று.

பெயர்கள் சிலவற்றை முதலிலே நோக்குவோம். செஷயர் மாகாணத்திலே ஒரு கிராமமுண்டு. அதன் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட பிரபுக்களும் உளர். பன்னிரண்டு எழுத்துக்கள். கூட்டிப் படித்தால் 'சொல்மொண்டெலி', சொல்லும்போதோ 'சம்லி'. மற்றொரு குடும்பப் பெயர் பதினேழு எழுத்துக்களால் ஆனது. 'பெதர்ஸ்டன்ஹோ' என்று ஒருவாறு முயன்று படிக்கலாம். ஆனால் அக்குடும்பத்தார் பலர் 'பான்ஷோ' என்ற ஈரசையோடு நிறுத்திக்கொள்வர். 'மார்ஜொரிபாங்க்ஸ்' என எழுதப்படுவது 'மாச்பாங்க்ஸ்' ஆகும். 'மெயின்வேரிங்' என்பது 'மனரிங்'. 'செயின்ற் ஜோன்' என்னும் புனிதரின் பெயர் ஒருவருக்குச் சூட்டப்படுமிடத்துச் 'சின்ஜின்' ஆகிவிடுகிறது. 1660ஆம் ஆண்டு முதல் 1669ஆம் ஆண்டு வரை நாட்குறிப்பெழுதி இலண்டனின் கொள்ளைநோயையும் பெருந்தீயையும் எமக்குக் காட்டிய சாமுவேலின் குடும்பப் பெயரைப் 'பெப்பிஸ்' என்று படிப்போர் பலர். 'பீப்ஸ்' என்பதே வழக்கு. ஒக்ஸ்போட்டிலே 1458இல் நிறுவப்பட்ட 'மக்தலேன்' கல்லூரியை 'மோட்லின்' என்று சொல்லாதவன் அங்கு அந்நியன்.

இவற்றைக் கேட்டதும், ஆங்கிலம் ஒரு பைத்தியக்கார மொழி என்று சிரித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் எம்மையும் ஒருமுறை நோக்குவோம். பருத்தித்துறைக்குப் போகும் யாழ்ப்பாணத்தவர் 'பருத்துறை' என்றே சொல்வார். திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் வருபவர் 'தின்னவேலி' என்பார். எமது இலக்கணகாரர் இதனை நன்கறிந்திருந்தனர். சோழநாடு சோணாடு ஆவதையும், மலையமான் நாடு மலாடு ஆவதையும் அவர்கள் இழிவழக்கு என்று ஒதுக்கவில்லை. 'மரூஉ' என்று பெயரிட்டு, இயல்பு வழக்கினுள்ளே அதற்கு இடங்கொடுத்தனர். நாள்தோறும் பலமுறை சொல்லவேண்டிய பெயரை நாவு தேய்த்துச் சிறிதாக்கும். சந்தைக்கும் வயலுக்கும் போகும் மனிதனுக்குப் பெயர் ஒரு கருவி. மண்வெட்டியின் பிடி கையிலே தேய்வது போல, பெயரும் வாயிலே தேய்கிறது. ஆங்கிலப் பெயர்களின் தேய்வும் இவ்வகையினதே. ஆங்கிலத்திலே சொல்லின் ஓர் அசை மட்டும் வலிந்து ஒலிக்கும். எஞ்சிய அசைகள் மெலிந்து, காலப்போக்கிலே மறையும். 'சியோல்மண்ட் என்பானின் காட்டுவெளி' என்ற பொருளுடைய பழைய பெயர் 'சம்லி' ஆனது இவ்வாறே. அதனை அவ்வாறு தேய்த்தவர்கள் பிரபுக்கள் அல்லர். அக்காட்டு வெளியிலே மாடு மேய்த்தவர்களும் உழுதவர்களுமே முதலிற் பெயரைத் தேய்த்தவர்கள்.

அங்ஙனமாயின் வேறுபாடு எங்கேயுள்ளது? சோணாடு என்று வழங்கியவன் சோணாடு என்றே எழுதவும் செய்தான். ஆங்கிலேயனின் நாவு மாறியது. ஆனால் எழுதுகோல் மாறவில்லை. ஏன் மாறவில்லை என்றால், நாவு ஒரு வகுப்பாரிடமும் எழுதுகோல் இன்னொரு வகுப்பாரிடமும் இருந்தன.

1066ஆம் ஆண்டிலே நோர்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினான். நிலமெல்லாம் அவனுடைய படைத்தலைவர்களுக்குப் பங்கிடப்பட்டது. இருபதாண்டுகளின் பின்னர், 1086இல், எந்த ஊரில் எத்தனை கலப்பை, எத்தனை குடி, எவ்வளவு வரி என்று கணக்கெடுக்கப்பட்டது. 'டூம்ஸ்டே' என்று மக்கள் அஞ்சிப் பெயரிட்ட அக்கணக்கேடு இலத்தீனிலே எழுதப்பட்டது. ஊர்ப் பெயர்களைச் சொன்னவன் ஆங்கிலக் குடியானவன். அவற்றை ஏட்டிலேற்றியவன் அவனுடைய மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத எழுத்தன். 'ஸ்நொட்டிங்கஹாம்' என்று ஒரு நகரம் இருந்தது. முதலிலுள்ள அவ்விரட்டை மெய் பிரெஞ்சு நாவுக்கு ஒவ்வாதது. பன்னிரண்டாம் நூற்றாண்டோடு அது நழுவி, 'நொட்டிங்ஹாம்' எஞ்சியது. 'சாரிஸ்பெரி' என்பதன் ரகரம் லகரமாகிச் 'சோல்ஸ்பரி' தோன்றியது. உரோமப் படைமுகாமைக் குறித்த இலத்தீன் சொல் ஆங்கிலத்திலே 'செஸ்டர்' ஆகியிருந்தது. மான்செஸ்டரிலே அது இன்றும் வல்லொலியோடு நிற்கின்றது. நோர்மானியர் செல்வாக்கு மிகுந்த இடங்களில் அவ்வல்லொலி மெலிந்தது. மெலிந்த அசையை நாவு விழுங்கியது. லெஸ்டர், குளொஸ்டர், வூஸ்டர் என்ற ஒலிகள் இங்ஙனம் பிறந்தன. எழுத்திலே மட்டும் பழைய படைமுகாம் பாழடைந்த கோட்டை போல் நின்றுவிட்டது. நீதிமன்றிலே வழக்குரைக்கும் மொழி ஆங்கிலமாதல் வேண்டும் என்று சட்டமியற்றுவதற்கே 1362ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்று நூற்றாண்டுகளாகத் தன் வழக்கைத் தானே விளங்கிக்கொள்ள முடியாத குடியானவன், தன் ஊரின் பெயர் எவ்வாறு எழுதப்படுகிறது என்று எங்ஙனம் அறிவான்?

நோர்மானியப் பிரபுக்கள் புதிய பெயர்களையும் இட்டனர். லெஸ்டர் மாகாணத்துக் குன்றொன்றின்மேல் அவர்கள் கட்டிய கோட்டைக்குப் பிரெஞ்சிலே 'அழகிய காட்சி' என்று பெயர். எழுத்திலே அது 'பெல்வொயர்'. அடிவாரத்தில் வாழ்ந்தவர்கள் அதனைப் 'பீவர்' என்றனர். இன்றும் அதுவே வழக்கு. இவ்வழக்கின் பழமைக்கு ஒரு துயரமான சான்றுண்டு. கோட்டையிலே வேலை செய்து நீக்கப்பட்ட ஜோன் பிளவர் என்ற ஏழைப் பெண்ணும் அவளுடைய மக்கள் மார்கரெற், பிலிப்பா என்போரும், பிரபுவின் பிள்ளைகளைச் சூனியத்தாற் கொன்றனர் என்று குற்றஞ்சாட்டப்பட்டனர். தாய் லிங்கன் நகருக்குக் கொண்டுபோகப்படும் வழியிலே இறந்தாள். மக்கள் இருவரும் 1619 மார்ச்சில் அந்நகரிலே தூக்கிலிடப்பட்டனர். அச்சம்பவத்தை விற்பனைக்காக அச்சிட்ட மலிவுப் பிரசுரத்தின் முகப்பிலே, கோட்டையின் பெயர் அழகிய பிரெஞ்சு எழுத்துக்களில் இல்லை. மக்கள் சொன்னவாறே 'பீவர்' என்ற ஒலிப்படி இருக்கின்றது. பிரபுவின் பத்திரங்களிலே 'அழகிய காட்சி' நிலைத்தது. அந்தக் காட்சியின் கீழே வாழ்ந்து மடிந்தவர்களின் ஒலி தெருவிலே விற்ற தாளிற் பதிந்தது.

எழுத்தை நிலைநிறுத்திய அடுத்த சக்தி அச்சு. 1476இல் கக்ஸ்ரன் இங்கிலாந்திலே அச்சகத்தை அமைத்தார். அதன்பின் நாவு எவ்வளவு வேகமாக ஓடினாலும், ஈயத்தில் வார்த்த எழுத்து அசையவில்லை. ஸ்கொத்லாந்திலே அச்சு இன்னொரு விந்தையைச் செய்தது. 1508 முதல் அங்கு நூல்கள் அச்சாயின. ஸ்கொத்லாந்தர் கையெழுத்திலே 'ய' போன்ற ஒலியைக் குறித்த பழைய எழுத்தொன்று வழங்கியது. அச்செழுத்துப் பெட்டியிலே அதற்கு உரு இல்லாமையால், வடிவிலே அதனை ஒத்த, ஆங்கில நெடுங்கணக்கின் இறுதி எழுத்தை அச்சுக்கோப்பவர்கள் இட்டனர். அதனாலேயே 'மென்சிஸ்' என எழுதப்படும் பெயரை ஸ்கொத்லாந்தர் 'மிங்கிஸ்' என்பர். 'டல்சியேல்' என்பதை 'டீஎல்' என்பர். 1837 முதல் 1841 வரை இலங்கையை ஆண்ட தேசாதிபதி ஸ்டூவார்ட் மக்கென்சியின் பெயரும் ஒரு காலத்தில் 'மக்கிங்கி' என்றே ஒலித்தது. அந்தப் பெயரில் மட்டும் அச்சு எழுத்து நாவை வென்றுவிட்டது. நாம் பாடமாக்கிய மக்கென்சி, அச்சுக்கோப்பவனின் பெட்டியிலிருந்த குறையினாற் பிறந்த மக்கென்சியே.

சில ஊமை எழுத்துக்கள் ஒருபோதும் ஒலித்தவையல்ல. இலண்டன் நடுவே பாயும் நதியைத் 'தெம்ஸ்' என்கிறோம். அதன் ஆங்கிலப் பெயரில் இரண்டாவதாக நிற்கும் எழுத்து முற்காலத்தில் இருக்கவில்லை. பழம்பெருமை தேடிய கல்விமான்கள் மறுமலர்ச்சிக் காலத்திலே அதனைச் செருகினர். படகோட்டி அதனை ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் படகோட்டியின் மகன் அந்த எழுத்தை விட்டெழுதினால் அடிவாங்கினான்.

ஊர்களின் கதை இதுவாயின், மனிதர்களின் பெயர்க் கதை இன்னும் கூர்மையானது. 1538இல், திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் கோயிற் பதிவேடுகளில் எழுதப்படல் வேண்டும் எனக் கட்டளை பிறந்தது. ஏழையின் பெயரை எழுதியவர் குருவானவர். அவருடைய காதுக்கு எட்டியதே எழுத்தாயிற்று; தந்தைக்கு ஓர் எழுத்து, மகனுக்கு வேறோர் எழுத்து. எழுத்தறிவு பெற்றவர்களிடையேயும் அக்காலத்தில் ஒரே முறை இருக்கவில்லை. எமக்குக் கிடைத்துள்ள ஷேக்ஸ்பியரின் கையொப்பங்கள் ஆறும் ஒரேவிதமாக எழுதப்படவில்லை. மனரிங் குடும்பத்தின் பழைய பத்திரங்களிலே அப்பெயர் நூற்றுக்கு மேற்பட்ட வடிவங்களிற் காணப்படுகிறது. ஆனால் சொத்துள்ளவனுக்குப் பத்திரம் உண்டு, பட்டம் உண்டு, கல்லறையிலே பொறித்த பெயர் உண்டு. அவற்றின் எழுத்து நாளடைவில் உறைந்து நிலைத்தது. சொத்தற்றவனுக்கு எதுவும் இருக்கவில்லை. 1840ஆம் ஆண்டளவிலேகூட, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மணம் முடித்த ஆண்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரும், பெண்களிற் கிட்டத்தட்டப் பாதியினரும் பதிவேட்டிலே கையொப்பத்துக்குப் பதிலாகப் புள்ளடி இட்டனர். பிரபுவின் பெயரில் ஊமை எழுத்துக்கள் அணிகலனாகத் தொங்கியபோது, உழைப்பாளியின் பெயரே ஊமையாக இருந்தது.

நோபோக் மாகாணத்திலே 'விண்டம்' என்றோர் ஊருண்டு. எழுத்திலே 'விமொண்டாம்'. 1549இல் அவ்வூரிலே மக்கள் திரண்டு, பொது மேய்ச்சல் நிலத்தை நிலவுடைமையாளர் அடைத்துப் போட்ட வேலிகளைப் பிடுங்கினர். றொபேட் கெற் என்பவரும் நிலமுடையவரே. அவருடைய வேலியிடமும் மக்கள் வந்தனர். அவர் அவர்களின் நியாயத்தை ஏற்று, தம் வேலியைத் தாமே தகர்த்து, அவர்களுக்குத் தலைமை தாங்கினார். நொரிச் நகரின் அருகே ஏறத்தாழ 16,000 பேர் முகாமிட்டு, 29 கோரிக்கைகளை வரைந்தனர். அடிமைக் குடிகள் யாவரும் விடுவிக்கப்படல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆகஸ்ட் 27ஆம் நாள் வொரிக் பிரபுவின் படை கூலிப்படையினரோடு வந்து அவர்களை முறியடித்தது. டிசெம்பரிலே கெற் நொரிச் கோட்டையிலே தொங்கவிடப்பட்டார். அவருடைய சகோதரர் வில்லியம் விண்டம் ஆலயக் கோபுரத்திலே தொங்கவிடப்பட்டார். நானூறு ஆண்டுகளின் பின், 1949இல், அதே கோட்டைச் சுவரிலே நொரிச் மக்கள் கெற்றுக்கு நினைவுக் கல் பதித்தனர். 'விண்டம்' என்ற ஒலியைப் பிரபு வீட்டு வரவேற்பறையிலே பிறந்த நாகரிகம் என்று கருதுவோர் இவ்வரலாற்றை அறிதல் நன்று. விண்டம், நொரிச், வொரிக் ஆகிய மூன்று பெயர்களிலும் எழுத்து ஒன்று, ஒலி வேறு. அவ்வொலி வேலியை அடைத்தவனுக்கும் பிடுங்கியவனுக்கும் பொதுவானது.

பொதுவாயிருந்த ஒலி எப்போது வேலியாயிற்று? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே புகைவண்டி வந்தது. நிலையப் பலகையிலே ஊர்ப் பெயரைக் கண்ணாற் படித்த வெளியூரவன் எழுதியபடியே சொன்னான். 1870இன் கல்விச் சட்டம் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பாடசாலைகளைத் திறந்தது. எழுத்தைப் புதிதாய்ப் பெற்றவன் எழுத்தை நம்பினான், நம்பியதைச் சொன்னான். இவ்வாறு பல ஊர்களின் ஒலி மாறியே விட்டது. 'சிசிட்டர்' என வழங்கிய நகரம் இன்று 'சைரன்செஸ்டர்'. 'டேயின்ட்றி' என்ற ஊரிலே 1925இல் பீ.பீ.சி. நிறுவனம் பெரும் ஒலிபரப்பு நிலையத்தைத் திறந்தது. அறிவிப்பாளர் நாடோறும் 'டவென்ட்றி' என்று சொல்ல, நாடும் அதனைக் கற்றுக்கொண்டது. உச்சரிப்பைப் பற்றி ஆலோசனை கூற 1926இல் அதே நிறுவனம் ஒரு குழுவை அமைக்க வேண்டியதாயிற்று.

எழுத்து அனைவருக்கும் உரியதானதும், எழுத்தறிவால் உயர்குலத்தைப் பிரித்தறிய முடியாது போயிற்று. அப்போதுதான் எழுத்திலே இல்லாத அறிவுக்கு விலை ஏறியது. நூலிலே கற்கமுடியாது, வீட்டிலே பிறந்தே அறியவேண்டும் என்ற அறிவு அது. 1954இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலன் றொஸ் ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கில மேல்வகுப்பினர் மற்றையோரைவிடச் செல்வத்தாலோ கல்வியாலோ இப்போது வேறுபடவில்லை, மொழியால் மட்டுமே வேறுபடுகின்றனர் என்பது அவர் கண்ட முடிபு. பிரபு மகளான நான்சி மிற்போட் அதனை எடுத்தாண்டு எழுத, இங்கிலாந்து முழுவதும் தன் வாயைத் தானே சோதித்துப் பார்த்து அஞ்சியது. உழவன் தேய்த்த பெயரைப் பிரபு தன் வாயிற்காவலனாக நிறுத்தினான். உழவனின் பேரன் எழுத்துக் கற்று வந்து அந்த வாயிலிலே நின்றபோது, அவனைப் பார்த்துச் சிரித்தான். எங்கள் வகுப்பறையிலே கேட்ட சிரிப்பு அந்த வாயிலிலிருந்து கப்பலேறி வந்த சிரிப்பே.

அந்தக் கப்பலிலே வந்தவர்கள் எமது பெயர்களை எவ்வாறு கையாண்டனர் என்பதையும் ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம். ஐரோப்பிய எழுதுகோல்களினூடாக யாழ்ப்பாணம் 'ஜவ்னா' ஆயிற்று. மட்டக்களப்பு 'பற்றிக்கலோ' ஆயிற்று. திருகோணமலை 'ட்றிங்கொமலி' ஆயிற்று. டூம்ஸ்டே எழுத்தன் நொட்டிங்ஹாமுக்குச் செய்ததற்கும் இதற்கும் பெரிய வேற்றுமையில்லை. ஆயினும், மட்டக்களப்பைச் சரியாகச் சொல்லத் தெரியாத அரசாங்க அதிபர் எவரும் அதன்பொருட்டுச் சபையிலே தலைகுனிந்ததாக நாம் அறியோம். பிழை என்பது நாவிலே இல்லை, அதிகாரத்திலே இருக்கின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

ஆகவே, ஆங்கிலப் பெயர்களை எழுதியபடியே சொல்வோம் என்று நான் வாதிக்கவில்லை. லெஸ்டர் மக்கள் தம் நகரை லெஸ்டர் என்கின்றனர். விண்டம் மக்கள் தம் ஊரை விண்டம் என்கின்றனர். ஓர் ஊரின் பெயர் அவ்வூரில் வாழ்பவர்களுடையது. பருத்துறை என்பவனின் உரிமையை மதிக்கும் நாம், விண்டம் என்பவனின் உரிமையையும் மதிப்போம். கற்கவேண்டியதைக் கற்போம், ஆனால் ஆண்டவனின் இரகசியமாகவன்றி, உழைத்தவனின் மரபாக அதனைக் கற்போம். ஆசிரியர்கள் இப்பெயர்களைத் திருத்தும்போது அவற்றின் வரலாற்றையும் கூடவே சொல்லிக்கொடுத்தல் வேண்டும். எழுத்திலே இருப்பதை நம்பிப் படித்த பிள்ளை நேர்மையாகவே படித்தான் என்றும், எழுத்துக்கும் ஒலிக்கும் இடையிலுள்ள பள்ளத்தை வெட்டியவன் அவனல்லன் என்றும் அவனுக்குச் சொல்லுதல் வேண்டும்.

அன்று சிரித்தவர்களுள் நானும் ஒருவன். லெஸ்டர் என்பது எனக்கு அதற்கு முந்திய ஆண்டிலேதான் தெரிந்தது; அதனாலேயே என் சிரிப்பு மற்றவர்களின் சிரிப்பிலும் உரத்துக் கேட்டது.